பங்காளி ரொட்டி

ஆச்சே தெரு முனையில்
ஐந்தே முக்காலுக்கு முதல் தட்டு வெளியே வரும்.
கல்லா, ரசீது, ரொட்டி அறுக்கிற கத்தி
மூன்றும் என் பொறுப்பு.
முதலாளி ஹபீப் மரைக்கார் அடுப்போடு மட்டும் பேசுவார்.
சுவருக்கு அந்தப் பக்கம் அவர் சித்தப்பா மகன்
அதே மாவில் அதே பெயரில் அதே ரொட்டியைச் சுடுகிறார்.
நடுச்சுவர் எழும்பி ஒன்பது வருஷம்.
வழக்கு கோர்ட்டில் இன்னும் புளித்துக்கொண்டிருக்கிறது.

மலாய்க்காரர்களுக்கு இது பெங்காலி ரொட்டி.
வங்காளத்துக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.
பங்கு போட்டுக் கடை வைத்தவர்களைப் பங்காளி என்றோம்,
தெருவைத் தாண்டுவதற்குள் சொல் முகம் மாறிவிட்டது
என்று பினாங்கில் ஒரு பேச்சு.
மெய்யோ பொய்யோ,
எங்கள் சுவருக்குப் பொருந்துகிறது.

மாடியில் வாடகைக்கு இருக்கும் ஓல்த்ரிக், செக் நாட்டுக்காரர்,
படகுப் பாய் தைப்பவர்.
"உங்க பாஷையிலயும் ஒன்னு எழுதிப் போடுங்களேன்."
பிஸ்கட் பெட்டியைக் கிழித்துக் கறுப்பு மையில் எழுதினார்:
செர்ஸ்த்வீ.
புத்தம் புதுசு. சூடு ஆறாதது.

அன்றைக்குத் துறைமுகத்தில் கப்பல்.
ஒன்பது மணிக்கு வந்த ரஷ்யக்காரி ஸினைடா
அட்டையை எழுத்துக்கூட்டி வாசித்தாள்,
ரொட்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.
"அப்ப பாதி விலைதானே?"

அவள் வாயில் அது சோர்ஸ்த்வி.
ஓர் உயிரெழுத்து இடம் பெயர்ந்ததற்கே
என் காதுக்குச் சோர்வு மாதிரிக் கேட்டது.
காய்ந்தது, பல்லை உடைப்பது, முந்தாநாள் மிச்சம்.
இரங்காத மனசுக்கும் அவள் ஊரில் அதே சொல்லாம்.

ஓல்த்ரிக் ஊசியும் கையுமாக இறங்கி வந்தார்.
ஒருவர் பேச்சு மற்றவருக்குப் பாதி புரிந்தது.
பாதி புரிவதுதான் சண்டைக்கு வசதி.
கெடுத்தது நீங்கள் என்றார் இவர்.
கெட்டதைப் புதுசென்று விற்பது யார் என்றாள் அவள்.

சத்தம் அடங்கி அவள் கைபேசியைத் துழாவினாள்.
இரண்டுக்கும் முன்னால் ஒரு பழைய சொல் இருந்ததாம்:
திடம், உரம், இறுகியது.
எனக்குள் தமிழில் சொல்லிப் பார்த்தேன்.
கெட்டி.

அடுப்பைவிட்டு இறங்கியதும் விறைத்து நிற்கிற மேல்தோலும் கெட்டி.
அவர்கள் ஊர்க் குளிரில் மூன்றாம் நாள்
சுத்தியல் கேட்பதும் கெட்டி.
பாட்டன் சொத்து ஒன்றுதான்.
மேற்கே போனவன் மேல்தோலை எடுத்துக்கொண்டான்,
கிழக்கே போனவளுக்கு மூன்றாம் நாள்.
போலந்துக்காரன் கெட்டிக்காரன், இரண்டையும் விடவில்லை:
காய்ந்த ரொட்டிக்கும் அதுவே,
எண்பதிலும் தள்ளாடாத கிழவனுக்கும் அதுவே.

நாம் மட்டும் என்ன யோக்கியம்?
சாயங்காலம் பூக்கார அமராவதியிடம்
"உன் மல்லிகை நல்ல நாற்றம்" என்றேன்.
ஒரு காலத்தில் அதற்கு மணம் என்றுதான் பொருள் என்று
நான் விளக்கி முடிப்பதற்குள்
கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.
இன்னும் பேசவில்லை.

மரைக்கார் மாவுக்கையோடு வந்து
முழுக் கதையையும் கேட்டார்.
சுவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.
"அந்தப் பிள்ளகிட்ட பாதி விலை வாங்கு"
என்று சொல்லிவிட்டு அடுப்புக்குத் திரும்பினார்.

அட்டை இன்னும் தொங்குகிறது.
இந்த ஊரில் ரொட்டி காயாது.
கடல் ஈரம் விடாது.
மூன்றாம் நாள் ஓரத்தில் பச்சையாகப் பூக்கும்.
அதற்கு அந்தச் சொல்லில்
எவரும் பங்கு கேட்டு வரவில்லை.

நேற்றுக் கூட்டும்போது பார்த்தேன்:
நடுச்சுவரின் அடியில்
அதே பச்சை.
அந்தப் பக்கமும் இருக்குமாயிருக்கும்.